பாதை வேண்டாமாம்!

"சாலை போட்டால் மலையின் அழகு கெட்டுவிடும்!"

இதைச் சொன்னவர் பழமையில் ஊறிய பண்ணையாரல்லர். பட்டம் பெற்ற இளைஞர், பகுத்தறிவு ஏடுகளைத் தேடித் தேடிப் படிப்பவர், என் நண்பர். ஓமப்புகை இன்றி, ஊர்ப் பெரியவர் ஒருவர் தலைமையில், உறுதிமொழி கூறி மாலை மாற்றி மணம் செய்துகொண்டவர். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத்தின் ஏற்பைப் பெற்றுத் தந்தாரே, அந்த உரிமையின் பயனைத் துய்ப்பவர். மணம் முடிந்த மறுவாரம், "திருப்பதிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வாருங்கள்" என்றனர் வீட்டு மூத்தோர். "எங்கள் மகிழ்ச்சியில் ஏழுமலையானுக்கு என்ன பங்கு?" என்று கேட்டுவிட்டு, துணைவியாரோடு கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறினார்.

கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையின் நீர்ப்பரப்பைக் கண்டு, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் வெள்ளிமலை சேர்ந்து, கல்வராயன் மலைமீது ஐந்து நாள் தங்கினர் இருவரும். மேகம் அருவியில் நனைந்தனர். இன்னோர் அருவிக்குப் பெரியார் அருவி என்று பெயர் வழங்குவதறிந்து நண்பருக்குத் தனி மகிழ்ச்சி! பேருந்து எட்டாத சிற்றூர் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் நடந்தனர். ஓர் உழவர் வீட்டுத் திண்ணையில் படுக்கை, சாமைச்சோறு விருந்து, விளக்கில்லா இருளில் விண்மீன்களை எண்ணி ஓர் இரவு. திரும்பி வந்து அவர் சொல்லச் சொல்ல, கேட்ட எங்கள் கால்களே துடித்தன. எல்லாம் சொல்லி முடித்துப் பெருமூச்சு விட்டார்: "அந்த ஊருக்கும் சாலை வரப்போகிறதாம், மின்விளக்கு வரப்போகிறதாம். இனி என்ன இருக்கும் அங்கே?"

அதற்குப் பின் வந்ததுதான் மேலே கண்ட வாசகம்.

இந்த வாசகத்தை நம்மில் பலர் பல வடிவங்களில் சொல்லியிருக்கிறோம். கலை உள்ளம் படைத்தவனின் கவலைபோல் ஒலிக்கிறது. எதிர்த்துப் பேசினால் நாம்தான் சுவையறியாதவர் ஆகிவிடுவோம். ஆகவே நண்பரை விட்டுவிடுவோம். வாசகத்தை மட்டும் எடுத்து வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்று. அவர்கள் மலைக்குப் போனதைக் குறைகூற நான் வரவில்லை, போற்றத்தான் செய்வேன். நம் நாட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியூர் போகவேண்டுமென்றால், ஒரு சாமி துணைக்கு வரவேண்டும். வேண்டுதல் ஒன்று காரணமாக வேண்டும். மகிழ்ச்சிக்காகப் போகிறோம் என்று சொல்ல நாணம்! இந்தத் தோழியர் தம் சுமையைத் தாமே முதுகில் ஏற்றார். பல இடங்களில் முன்னே நடந்தார். எந்த வழி போவது என்பதில் அவர் சொல்லும் எடுபட்டது. 1975இல் எவரெஸ்டு உச்சியை மிதித்த முதல் பெண்ணான ஜப்பானியத் தோழியர் ஜுன்கோ தாபெய், "குழந்தையை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாதா?" என்ற ஏச்சைக் கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டார். பெண் காடு மேடு ஏறுவது கண்டு முகம் சுளிப்பவர் இங்கும் உண்டு, அங்கும் உண்டு.

இன்பத்துக்கு வெட்கப்படுவது மதம் பழக்கிய பழக்கம். 1336ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இத்தாலியப் பாவலர் பெத்ரார்க், தென் பிரான்சில் உள்ள வாந்தூ மலையில், உச்சியைப் பார்க்கவேண்டும் என்ற ஒரே ஆசையால் தம் தம்பியுடன் ஏறினார். ஆல்ப்சு மலைகளையும் ரோன் ஆற்றையும் கண்டு களித்தார். கையோடு கொண்டு போயிருந்த அகஸ்டின் நூலைப் பிரித்தார். மலையையும் கடலையும் வியந்து நின்று மாந்தர் தம்மை மறக்கிறார்களே என்று கடிந்துரைக்கும் இடம் கண்ணில் பட்டது. வந்தது வெட்கம்! வாய் திறவாமல் கீழே இறங்கினார். நாள் முழுதும் ஏறிப் பெற்ற மகிழ்ச்சியை ஒரு பக்கம் பறித்துக்கொண்டது. அந்த வெட்கம் நமக்கு வேண்டாம். மலையேறி மகிழ்ந்த தம்பதியைப் பார்த்து, "ஏழை வாடும்போது உனக்கு இன்பமா?" என்று கேட்பதும் அதே அகஸ்டின் குரல்தான், சட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றிப் பெத்ரார்க் எழுதிய கடிதத்தில் இன்னொருவர் இருக்கிறார். ஏறும் வழியில் ஒரு கிழ ஆட்டிடையர் எதிர்ப்படுகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாமும் உச்சிவரை ஏறியதையும், கிழிந்த ஆடையும் கீறல்பட்ட உடலும் தவிர வேறொன்றும் கிடைக்காததையும் சொல்லித் தடுக்கிறார். இளையவர்கள் கேட்கவில்லை. இன்பத்துக்காக மலையேறிய முதல் மனிதர் பெத்ரார்க் என்று ஐரோப்பிய நூல்கள் பல புகழ்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏறியவர் எதிரில் நிற்கிறார். முதல்வர் பட்டம் மட்டும் வந்தவருக்கு! இடையர் பெயர்கூட எவருக்கும் தெரியாது. 1953இல் எவரெஸ்டில் இருவர் ஏறினர். ஹிலாரிக்குச் 'சர்' பட்டம், டென்சிங்குக்கு ஒரு பதக்கம். அந்தப் பயணத்துக்குச் சுமை தூக்கிச் சென்றவர் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களுக்குக் கிடைத்தது கூலி.

மலையைப் பற்றிப் பாடிய நம் பழந்தமிழர் இப்படிச் செய்யவில்லை. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடினார் என்று சொல்லப்படும் குறிஞ்சிப்பாட்டை எண்ணிப் பாருங்கள். தினைப்புனம் காக்கிறாள் தலைவி, கிளி ஓட்டுகிறாள், அருவியில் ஆடுகிறாள், தொண்ணூற்றொன்பது வகைப் பூக்களைப் பறித்துப் பாறைமேல் குவிக்கிறாள். வேட்டை நாய்கள் வளைத்துக்கொள்கின்றன, மதயானை வருகிறது, தலைவனின் அம்பு பாய்கிறது. இன்றைய இளைஞர் சாகசம் என்று சொல்லிக் காசு கொடுத்துத் தேடுகிறாரே, அத்தனையும் அங்கே இருக்கிறது! ஆயினும் அந்தக் காதலி மலையின் மகள். காதல் அவள் காவல் காக்கும் புனத்தருகே மலர்கிறது. புதியவனாய் வந்தவன் தலைவன், மலை அவளுடையது. (பிற்காலத்துப் புராணக்காரர், கிழவேடம் பூண்டும் யானையைக் காட்டி அச்சுறுத்தியும் வள்ளியை வளைத்த கதையைக் கட்டினர்; அச்சுறுத்திப் பெறுவதற்கும் காதல் என்று பெயரிட்ட அவர்களோடு நமக்குப் பேச்சில்லை.)

இன்று எடுக்கப்படும் மலைப்படங்களைப் பாருங்கள். அருவி இருக்கும், அருவிக்கு முன் இணை நிற்கும். விறகுச்சுமையோடு வரும் அந்த ஊர்ப் பெண்ணைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லியிருப்பார்கள், படத்தில் விழாதபடி.

ஒதுங்கி நிற்கும் அந்தப் பெண் யார்? கல்வராயன் மலையில் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பேசுவது தமிழ். மலையை ஆள்வோர் என்று பெயருக்குப் பொருள் கூறலாம். பெயரில் ஆட்சி இருந்தது; மண்ணில் ஆட்சி செலுத்தியவரோ ஜாகீர்தார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பெயர்களால் வழங்கிய மூன்று ஜாகீர்களாக மலை பிரிந்து கிடந்தது. விசயநகர மன்னர் கொடுத்தது என்று அதற்கு ஒரு பழங்கதை. 1947இல் வெள்ளையன் போனான். 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கீழே நடந்தது மேலே ஏறவில்லை. வரியும் கட்டாய ஊழியமும் தொடர்ந்தன. 1976இல்தான் ஜாகீர்கள் அரசின் கைக்கு வந்தன. நெருக்கடி நிலையால் நாடு முழுதும் உரிமை இழந்து நின்ற காலம் அது; இந்த மலைக்கு உரிமை வந்த ஆண்டும் அதுவாகவே அமைந்தது. வரலாறு சில நேரம் இப்படியும் கேலி செய்கிறது.

மேற்கே சற்றுத் தொலைவில் சேர்வராயன் மலை. அங்கே 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச்செடியைக் கொண்டுவந்தார், துரைமார் தோட்டம் போட்டனர், பங்களா எழுந்தது, பாதை வந்தது, ஏற்காடு பிறந்தது. கல்வராயனில் துரைமார் குடியேறவில்லை; எனவே பாதைக்கு அவசரமும் இல்லை. இன்று நாம் 'கைபடாத இயற்கை' என்று வியந்து நிற்பதன் பெரும்பகுதிக்கு வரலாறு இதுதான்.

2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உடனே நாடெங்கும் கல்வராயன் மலைமீது விரல் நீண்டது. மெத்தனால் மலையில் விளையும் பயிரன்று, தொழிற்சாலைச் சரக்கு என்பதை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? அதையொட்டி ஒரு நன்மையும் விளைந்தது. கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையை மேம்படுத்தும் பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், கல்வி என்று கேள்விகள் எழுந்தன. விடுதலை பெற்று எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்!

சாலை என்றால் என்ன என்பதை 2023 மே திங்களில் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலை நமக்குச் சொல்லிக்கொடுத்தது. அங்கும் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினரே. ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. மருத்துவமனை கீழே; பாதை சரியில்லை; வழியிலேயே குழந்தை இறந்தது. அதோடு முடியவில்லை. உடற்கூறு ஆய்வு முடிந்து உடலை ஏற்றி வந்த வண்டி, அதற்குமேல் போக வழியில்லாமல் பாதியில் நின்றது. தாய் தன் குழந்தையின் உடலை ஏந்திக்கொண்டு மலைப்பாதையில் நடந்தார்.

அந்தப் பாதையைச் சுற்றுலா ஏட்டில் அச்சிட்டால் என்ன எழுதுவார்கள்? 'கரடுமுரடான, கன்னிமை கலையாத நடைபாதை, துணிவுடையோர்க்கு ஏற்றது.' ஒரு சொல்லும் பொய்யில்லை! அதே கல், அதே முள், அதே சரிவு. ஒருவருக்கு விடுமுறை, இன்னொருவருக்கு விதி என்பார்கள். விதியைப் பற்றிப் பேசும் இடமன்று இது; யார் செய்த ஏற்பாடு என்று கேட்கும் இடம்.

இங்கேதான் அறவினா நிற்கிறது. நண்பர் மூன்று மணி நேரம் நடந்தது இன்பமானது எதனால்? நடக்காமல் இருக்கவும் அவரால் முடியும் என்பதனால். கால் சுளுக்கினால் விட்டுவிடலாம். மழை வந்தால் மறுநாள் போகலாம். ஐந்தாம் நாள் பேருந்து காத்திருக்கும். தானே தேடிக்கொண்ட துன்பத்துக்குச் சுவை உண்டு, ஏனெனில் அதன் கடிவாளம் தன் கையில் இருக்கிறது. அந்த வீட்டு அம்மையாருக்கு அது இல்லை. இதை முதலில் கண்டவர் நண்பரல்லர், துணைவியார். "நீங்கள் விண்மீன்களை எண்ணினீர்கள், அந்த அம்மா ஊற்றுக்குக் குடத்தோடு எத்தனை முறை இறங்கி ஏறினார் என்று நான் எண்ணினேன். ஏழு முறை. கடைசி இரண்டு முறை நமக்காக" என்றார் எங்கள் எதிரிலேயே. பெண்ணுக்கு இயல்பாகவே இரக்கம் மிகுதி என்று இதற்கு விளக்கம் சொல்லாதீர்கள். நீர் சுமந்த தோளுக்கு நீர்ச்சுமை கண்ணில் படும், அவ்வளவே.

நண்பர் வெள்ளிமலை போனதில் தவறில்லை, நடந்ததில் தவறில்லை, மகிழ்ந்ததில் தவறே இல்லை. தம் மகிழ்ச்சி நீடிப்பதற்காக அவர்கள் இல்லாமை நீடிக்கட்டும் என்று விரும்பினாரே, அங்கேதான் அறம் வழுவிற்று. அரண்மனைக்குள் இருந்துகொண்டு, "குடிசையில் என்ன அமைதி!" என்று வியந்த சீமான்களை நாம் எத்தனை மேடைகளில் எள்ளி நகையாடியிருக்கிறோம்! பறைச்சேரி தூரத்தில் இருந்தால்தான் ஊருக்கு அழகு என்று சொன்னவனும் அழகின் பெயரால்தான் சொன்னான். பிறர் வாழ்வை நம் கண்ணுக்கு விருந்தாக்கி, அவ்விருந்து கெடாமல் இருக்க அவர் மாறாமல் இருக்கவேண்டும் என்பது, வருணத்தின் வாதம். வேதம் சொன்னால் எதிர்க்கும் நாம், விடுமுறை சொன்னால் தலையாட்டலாமா?

"அப்படியானால் உதகமண்டலத்தைப் பாரும்! சாலை வந்தது, மலை நாறிற்று" என்பார்கள். பார்ப்போம். துரைமாருக்கு வெயில் தாளவில்லை என்பதற்காகப் பாறையைக் குடைந்து, பாலம் கட்டி, பல்சக்கரத் தண்டவாளம் போட்டு, 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் இரயிலை ஏற்றினார்கள். அழகு கெடுமே என்று எவரும் அழவில்லை. கெடவுமில்லை, 2005இல் அந்த இரயில் பாதையையே உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ போற்றியது! உதகை திணறுவது உண்மை. 2024 மே முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் பெறவேண்டும் என்று உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. ஆனால் ஆணை யாருக்கு? விருந்தாளிக்கு. கூட்டத்தால் மலை கெடும் என்றால், கூட்டத்தைத் தடுக்கவேண்டும். குடியிருப்பவனின் பாதையை மறித்து, கூட்டமாக வருபவனின் கண்குளிர்ச்சியைக் காப்பது எந்த ஊர் நீதி?

காட்டைக் காக்கவேண்டாமா என்ற கேள்வி வேறு. அது மதிக்கத்தக்க கேள்வி. மழையும் ஆறும் காட்டின் கொடை. கோமுகியும் மணிமுத்தாறும் கல்வராயன் தரும் நீர். கீழ்நாட்டுக் கழனிகள் அதைக் குடித்து வாழ்கின்றன. இதற்குச் சட்டமே விடை வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வனஉரிமைச் சட்டம் பள்ளி, மருத்துவமனை, மின்கம்பி, குடிநீர், சாலை முதலிய தேவைகளுக்குக் காட்டு நிலத்தைத் தர வழி செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலம். ஹெக்டேருக்கு எழுபத்தைந்து மரங்களுக்குமேல் வீழ்த்தக்கூடாது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். கணக்குப் போடுவது ஆசிரியனின் வழக்கம், பொறுத்தருள்க: ஒரு ஹெக்டேர் என்பது பதினாயிரம் சதுர மீட்டர். நான்கு மீட்டர் அகலத்தில் பாதை போட்டால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் வரும். ஒரு நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமக்கும் இரண்டரைக் கிலோமீட்டரை, எழுபத்தைந்து மரங்களுக்கு மேற்படாமல் தீர்க்கலாம். வீழ்ந்த மரத்துக்கு ஈடாக நட்டு வளர்க்கத் தெரிந்தவர்களும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். பெருஞ்சாலையும் பெருவிடுதியும் வேறு கணக்கு. அவற்றை எதிர்க்க வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.

மலைமக்கள் இன்றிச் சாகசமும் இல்லை என்பதை 2018 மார்ச் 11 நமக்குக் காட்டிற்று. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏறிச் சென்றவர்களைக் காட்டுத்தீ வளைத்தது. மணம் முடித்துச் சில திங்களே ஆன இணையரும் அவர்களுள் இருந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சேதி கேட்டு முதலில் மேலே ஓடியவர்கள் மலையடிவாரத்துச் சிற்றூரார். கம்பளியில் தூளி கட்டி, கருகிய உடல்களைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். அவர்களுக்குப் பழகிய வேலை அது! அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது மலைவழிகளைத் திறந்து, அந்தந்த மலைப்பகுதி இளைஞரைப் பயிற்றி வழிகாட்டிகளாக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஒதுங்கி நின்றவர் முன்னே நடக்க ஒரு வாய்ப்பு. கூலி கொடுக்கும்போது பேரம் பேசாமல் இருந்தால் இன்னும் நன்று. அருவிக்கரையில் ஐந்நூறு ரூபாய்ச் சட்டையை அறுநூறுக்கு வாங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, தேன் விற்கும் கிழவியிடம் பத்து ரூபாய்க்கு மல்லாடுவோரைக் கண்டிருக்கிறேன்.

தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுவது முறையாகியிருக்கிறது: குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், உள்ளாட்சி நாள். வெள்ளிமலை வட்டாரத்துச் சிற்றூர்களுக்கும் அந்த நாட்கள் உண்டு. பாதை எந்தச் சரிவில் போகவேண்டும், எந்தப் பலாமரம் தப்பவேண்டும், ஊற்றுநீர் குழாயில் எந்த வீடுவரை வரவேண்டும் என்று பேசவேண்டிய இடம் அது. பேசவேண்டியவர்கள், மலைக்குப் போய் வந்த என் நண்பரோ, போகாமல் எழுதும் நானோ அல்லோம். குடத்தோடு ஏழு முறை ஏறி இறங்கிய அந்த அம்மையார்.